சிதறிக் கிடக்கும் திட்ட வளங்களை ஒரே தளத்துக்கு மாற்றுதல்: சிங்கப்பூர்த் தமிழ்ச் சங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் ஆண்டுதோறும் ஒரு நிகழ்ச்சி நடத்தும் சிறிய சங்கம் ஒன்றின் பொருள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று உட்கார்ந்து கணக்கெடுத்துப் பாருங்கள். சங்கச் சின்னத்தின் மூலக் கோப்பு, அதை வரைந்து கொடுத்தவரின் மடிக்கணினியில் இருக்கும். பங்கேற்பாளர் பட்டியல் செயலாளரின் சொந்தக் கூகுள் டிரைவில் இருக்கும். மண்டப வாடகைக்கான பற்றுச்சீட்டு பொருளாளரின் மின்னஞ்சலிலும், நெறியாளர் உரையின் இறுதி வடிவம் வாட்ஸ்அப் குழுவிலும், சென்ற ஆண்டின் மானிய அறிக்கை யாரோ ஒருவரின் தம்ப் டிரைவிலும் கிடக்கும். செயலாளர் வேலை மாற்றலாகி வெளிநாடு செல்லும் நாள்வரை இது எவருக்கும் குறையாகத் தெரிவதில்லை.

நான் தொண்டூழியராகப் பணியாற்றும் ஒரு சங்கத்தில் இந்த வளங்களை எல்லாம் ஒரு மையத் திட்ட மேலாண்மைத் தளத்துக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அது ஒரு வாரயிறுதியில் முடியும் நகலெடுக்கும் வேலை என்றே நினைத்தேன். நகலெடுப்பது உண்மையில் ஒரு வாரயிறுதியில்தான் முடிந்தது. ஒவ்வொரு கோப்பும் யாருடையது, இனி யார் அதற்குப் பொறுப்பு என்று முடிவு செய்யத்தான் இரண்டு மாதங்கள் பிடித்தன. ஆகவே இந்த வழிகாட்டியில் மென்பொருளைப் பற்றிக் குறைவாகவும், உடைமை, பெயர், சட்டம், சரிபார்ப்பு ஆகியவற்றைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

எப்போது, யாரைக் கொண்டு

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதைத் தொடாதீர்கள். நிகழ்ச்சி வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போது கோப்புகளை நகர்த்தினால், பாதிப்பேர் பழைய இடத்திலும் மறுபாதிப்பேர் புதிய இடத்திலும் திருத்திக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் பின்னர் இணைப்பது முதலில் இருந்த குழப்பத்தைவிடக் கொடியது. விழா முடிந்த மே மாதம் ஏற்றது. எந்தக் கோப்பு எதற்குப் பயன்பட்டது என்பது அப்போது எல்லாருக்கும் நினைவில் இருக்கும். ஜூன் பள்ளி விடுமுறைக்குப் பலர் ஊருக்குப் புறப்படுவதற்குமுன் அவர்களைப் பிடித்துவிடலாம்.

மூன்று பேர் போதும். சங்கத்தின் பழைய கதைகள் தெரிந்தவர் ஒருவர், கணினியில் கை பழகியவர் ஒருவர், 'இதை அழித்துவிடலாம்' என்று சொல்லும் அதிகாரம் உள்ள செயற்குழு உறுப்பினர் ஒருவர். மூன்றாமவர் இல்லாமல் தொடங்கினால், எதையும் அழிக்கத் துணியாமல் குப்பை முழுவதையும் புது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்.

முதல் படி: இருப்பைக் கணக்கெடுத்தல்

ஓர் எக்செல் தாளைத் திறந்து, ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். அது என்ன, இப்போது எங்கே இருக்கிறது, எந்தக் கணக்கின் உடைமை, யார் பயன்படுத்துகிறார்கள், கடைசியாக எப்போது திறக்கப்பட்டது, தனிநபர் தகவல் உள்ளதா, இனி அதன் கதி என்ன என்பவை பத்திகளாகட்டும். கதி என்ற பத்திக்கு மூன்றே விடைகள் உண்டு: மாற்றுதல், காப்பகத்தில் வைத்தல், அழித்தல். 'பிறகு பார்க்கலாம்' என்ற நான்காவது விடையை அனுமதிக்காதீர்கள்.

இந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பித் திரட்ட முடியாது. 'உங்களிடம் உள்ள சங்கக் கோப்புகளை அனுப்புங்கள்' என்று கேட்டால் இரண்டு பேர் பதில் சொல்வார்கள். அவர்களும் நினைவில் இருப்பதை மட்டும் அனுப்புவார்கள். ஒவ்வொருவருடனும் அரைமணி நேரம் நேரில் அமர்ந்து, அவர்களுடைய திரையை அவர்களே திறந்து காட்டும்படி கேளுங்கள். காப்பிக் கடையில் ஒரு தே தாரேக்கு ஆகும் செலவுதான். 'அட, இது இன்னும் இங்கே இருக்கிறதா' என்று அவர்களே வியக்கும் கோப்புகள்தான் பெரும்பாலும் நீங்கள் தேடிக்கொண்டிருப்பவை.

கோப்பு அல்லாத வளங்களை மறக்க வேண்டாம். சங்கத்தின் இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அதைப் புதுப்பிக்கும் கட்டணம் யாருடைய கடன் அட்டையிலிருந்து போகிறது, ஃபேஸ்புக் பக்கத்துக்கு யார் நிர்வாகி, கேன்வா வடிவமைப்புத் தளத்திலுள்ள வார்ப்புருக்கள் எந்தக் கணக்கில் உள்ளன, பதிவுப் படிவங்கள் யாருடைய கூகுள் கணக்கில் உருவானவை என்பவையும் பட்டியலில் ஏற வேண்டும். சுவரொட்டியில் அச்சிட்ட கியூஆர் குறியீடு ஒருவரின் சொந்தக் கணக்கிலுள்ள படிவத்தைக் காட்டுமானால், அந்தக் கணக்கு மூடப்படும் நாளில் அச்சிட்ட சுவரொட்டிகள் எல்லாம் ஊமையாகிவிடும்.

இரண்டாம் படி: உடைமையைச் சீர்செய்தல்

கூகுள் டிரைவில் 'எனது டிரைவ்' என்பதற்கும் 'பகிரப்பட்ட டிரைவ்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழுவினர் அனைவரும் புரிந்துகொள்ள வேண்டும். எனது டிரைவில் உள்ள கோப்பு தனி ஒருவரின் உடைமை. அவர் எத்தனை பேருடன் பகிர்ந்தாலும், அவருடைய கணக்கு அழிந்தால் கோப்பும் போய்விடும். பகிரப்பட்ட டிரைவில் உள்ள கோப்பு குழுவின் உடைமை. ஓர் உறுப்பினர் விலகினாலும் அது அங்கேயே இருக்கும். பகிரப்பட்ட டிரைவை உருவாக்கச் சாதாரண இலவச ஜிமெயில் கணக்கு போதாது. நிறுவனங்களுக்கான ஒர்க்ஸ்பேஸ் கணக்கு வேண்டும்.

சொந்த ஜிமெயில் கணக்கிலுள்ள கோப்பின் உடைமையைச் சங்கத்தின் ஒர்க்ஸ்பேஸ் கணக்குக்கு நேரடியாக மாற்ற இயலாது என்பது பலருக்குப் பாதி வழியில்தான் தெரியவருகிறது. சங்கக் கணக்கிலிருந்து நகலெடுத்துக்கொள்வதே வழக்கமான வழி. நகலில் முந்தைய பதிப்புகளின் வரலாறு வராது. உருவாக்கிய நாளும் நகலெடுத்த நாளாக மாறிவிடும். வரலாறு முக்கியமான ஒருசில ஆவணங்களுக்கு மட்டும், யார் எப்போது உருவாக்கியது என்பதை ஆவணத்தின் தலைப்பகுதியிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் அப்படி எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

நிழற்படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 2021ஆம் ஆண்டின் சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி, கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படத்துக்கும் காணொளிக்கும்கூட, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவற்றை எடுத்தவரே முதல் காப்புரிமையாளர். படைப்பாளரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையும் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆகவே படங்களை மையத் தளத்துக்கு ஏற்றும்போது எடுத்தவரின் பெயரையும், எதற்கெல்லாம் பயன்படுத்த இசைந்தார் என்பதையும் சேர்த்தே ஏற்றுங்கள். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு மலர் வெளியிடும்போது அட்டைப் படத்தை எடுத்தவர் யார் என்று குழுவில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிராது.

மூன்றாம் படி: சட்டத்தின் கண்ணால் பார்த்தல்

2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நம் சங்கங்களில் இன்னும் இருக்கிறது. அந்தச் சட்டம் 'நிறுவனம்' என்று குறிப்பதில் பதிவு பெறாத சங்கங்களும் அடங்கும். 'ஊழியர்' என்பதில் தொண்டூழியரும் அடங்குவார். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரையேனும் நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பொதுமக்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். இடமாற்றக் குழுவில் அவரும் இருந்தால் வேலை எளிது.

பழைய பட்டியல்களைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அடையாள அட்டை எண்கள்தாம். ஒரு காலத்தில் கவிதைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவும் அந்த எண்ணைக் கேட்டோம். சட்டம் கோரினால், அல்லது ஒருவரது அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்தே ஆகவேண்டும் என்ற நிலை இருந்தால் தவிர, அந்த எண்களைத் திரட்டலாகாது என்ற வழிகாட்டி நெறிகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. புதிய தளத்துக்கு அந்தப் பத்தி போகவே கூடாது. மறைத்து வைத்த பத்தியும் பத்திதான். தாளை ஏற்றுமுன் அதை நீக்கி, நீக்கிய தாளைப் புதிய கோப்பாகச் சேமித்து, அதையே ஏற்றுங்கள். பழைய கோப்பின் பதிப்பு வரலாற்றில் எண்கள் ஒளிந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

நோக்கம் முடிந்த தனிநபர் தகவலை வைத்துக்கொண்டிருக்கலாகாது என்பதும் அந்தச் சட்டத்தின் கடமைகளில் ஒன்று. எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த பேச்சுப் போட்டியில் கலந்துகொண்ட மாணவர்களின் பெற்றோர் தொலைபேசி எண்கள் இன்று எதற்கு? அழித்துவிடலாம். கணக்குப் பதிவேடுகள் வேறு வகை: நிறுவனங்களும் அறநிறுவனங்களும் அவற்றைக் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். எனவே பற்றுச்சீட்டுகளையும் பங்கேற்பாளர் பட்டியல்களையும் ஒரே அடைவில் போட்டு ஒரே முடிவை எடுக்காதீர்கள்.

மேகக் கணிமைத் தளத்தின் வழங்கிகள் (சர்வர்கள்) வெளிநாட்டில் இருந்தால், இங்குள்ளதற்கு ஒப்பான பாதுகாப்பு அங்கும் உண்டு என்பதை உறுதிசெய்யும் கடமை உங்களுடையதே. இடமாற்றத்தின்போது பட்டியல் தவறி வெளியாகிவிட்டால், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டாலோ, பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கேடு நேரக்கூடும் என்றாலோ, அதை மதிப்பிட்டு முடித்த 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். 2021 பிப்ரவரி 1 முதல் இது கட்டாயம். இணைப்பு தெரிந்த எவரும் பார்க்கலாம் என்ற பகிர்வு அமைப்பைச் சோதனைக்காக ஒரு மணி நேரம் திறந்து வைப்பதுகூட இந்த வேலையில் ஆபத்தானது.

நான்காம் படி: தளத்தைத் தேர்ந்தெடுத்தல்

இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். டிரெல்லோ, அசானா, ஜிரா போன்றவை மாதக் கட்டணத்துக்கு அல்லது வரம்புகளுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. ரெட்மைன், ஓபன்புராஜெக்ட் ஆகியவை திறமூல மென்பொருள்கள், சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். சொந்த வழங்கியைப் பராமரிக்க ஆள் இல்லாத சங்கம் அந்தப் பக்கமே போகக் கூடாது. நான் கேட்கும் கேள்விகள் மூன்றே: கைப்பேசியில் தமிழில் தட்டெழுதித் தேடினால் கிடைக்கிறதா? எல்லாத் தரவையும் பொதுவான வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா? அறுபது வயது உறுப்பினர் ஒருவர் பத்து நிமிட விளக்கத்துக்குப் பிறகு தாமாக ஒரு பணியை முடித்ததாகக் குறிக்க முடிகிறதா? இரண்டாவது கேள்வி இன்றைக்கு அல்ல, அடுத்த இடமாற்றத்துக்கானது.

ஐந்தாம் படி: பெயர்களும் தமிழும்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த இடமாற்றக் கையேட்டிலும் இல்லாத சிக்கல்கள் நமக்கு இங்கேதான் வருகின்றன.

முதலாவது, பெயரில் வரும் சாய்கோடு. இங்குள்ள தமிழர்கள் பலரின் பெயரில், தந்தையின் பெயருக்கு முன் 'எஸ்/ஓ' அல்லது 'டி/ஓ' என்று சாய்கோட்டுடன் எழுதும் வழக்கம் உண்டு. கூகுள் டிரைவ் அந்தக் குறியைக் கோப்புப் பெயரில் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸும், மைக்ரோசாஃப்டின் கோப்புச் சேமிப்புத் தளமான ஷேர்பாயிண்டும் ஏற்றுக்கொள்ளா. இறக்கி ஏற்றும்போது அது வேறொரு குறியாக மாறிவிடும், அல்லது சில கருவிகள் அதை அடைவுப் பிரிப்பு என்று எண்ணி, பெயரை இரண்டாக வெட்டி, 'ஓ' என்று தொடங்கும் புதிய அடைவு ஒன்றை உருவாக்கிவிடும். பேச்சாளர்களுக்கென ஒவ்வொரு பெயரிலும் அடைவு வைத்திருக்கும் சங்கங்கள் முதலில் சாய்கோட்டைத் தேடித் திருத்த வேண்டும்.

இரண்டாவது, நீளம். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவை. 'கொ', 'மி' போன்ற உயிர்மெய் எழுத்து ஒன்று இரண்டு குறிகளால் ஆனதால் 6 பைட்டுகள் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அடிப்படையிலான சேமிப்பகங்களில் ஒரு கோப்புப் பெயரின் எல்லை பொதுவாக 255 பைட்டுகள். ஆங்கிலத்தில் 255 எழுத்துகள் வரை போகும் பெயர், தமிழில் ஏறத்தாழ 42 உயிர்மெய் எழுத்துகளிலேயே முட்டிக்கொள்ளும். ஷேர்பாயிண்டில் அடைவுகள் உள்பட முழுப் பாதைக்கும் 400 எழுத்துகள் எல்லை. விண்டோஸின் பழைய எல்லை 260. 'தமிழ்மொழி விழா நிகழ்ச்சி நெறியாளர் உரை இறுதி திருத்தியது உண்மையான இறுதி' என்று பெயர் சூட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு (நானும் அதில் அடக்கம்) இது கசப்பான செய்தி.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோட்) ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. விண்டோஸில் தட்டெழுதினால் பொதுவாகச் சேர்ந்த வடிவில் வரும். விளைவாக, ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கும். தேடினால் ஒன்று மட்டும் கிடைக்கும். பெயர் மாற்றும் கருவி ஒன்றால் எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் சிக்கல் தீரும். எந்தத் திசையில் மாற்றினாலும் தவறில்லை. எல்லாம் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

நான்காவது, பழைய எழுத்துருக்கள். தமிழ்க் கணிமையின் தொடக்க வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு: இங்கு வாழ்ந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியன் மென்பொருளை உருவாக்கினார். 1997இல் தமிழ்நெட் 97 கருத்தரங்கு இங்கே நடந்தது. 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும் இங்கே நடந்த மாநாட்டில்தான் உருப்பெற்றது. அந்தப் பெருமையின் மறுபக்கம், நம் பழைய சங்கங்களின் கணினிகளில் கணியன், முரசு அஞ்சல், திஸ்கி, 1999இல் சென்னை மாநாடு வகுத்த டாப், டாம் எனப் பல பழைய எழுத்துக் குறியீடுகளில் தட்டெழுதிய ஆவணங்கள் குவிந்து கிடப்பது. எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தெரியும். அவற்றை அப்படியே மையத் தளத்தில் ஏற்றினால் எந்தத் தேடலிலும் அகப்படா.

என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளைக் கொண்டு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றலாம். ஒரே ஆவணத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் சில குறியீடுகளில் ஆங்கிலப் பகுதியும் சேர்ந்து சிதைந்துவிடும் என்பதால், அத்தகையவற்றைப் பத்தி பத்தியாகத்தான் மாற்ற முடியும். எல்லாவற்றையும் மாற்ற முற்படாமல், சங்க அமைப்பு விதிகள், ஆண்டுக்கூட்டக் குறிப்புகள், வெளியிட்ட மலர்கள் ஆகியவற்றை மட்டும் மாற்றி, மற்றவற்றைப் பிடிஎஃப் ஆக்கிக் காப்பகத்தில் வையுங்கள். மூலக் கோப்பையும் எழுத்துருவையும் அதனுடனேயே சேர்த்து வைப்பது நல்லது. வருடியெடுத்த (ஸ்கேன் செய்த) பக்கங்களிலிருந்து தமிழ் எழுத்துகளைப் படித்துத் தர டெசராக்ட் என்ற மென்பொருள் உதவும். கூகுள் டிரைவும் அதைச் செய்யும்.

பெயரிடும் முறையை ஒரே வரியில் முடிவு செய்யலாம்: ஆண்டு-மாதம்-நாள், நிகழ்ச்சி, ஆவண வகை, பதிப்பு எண். தேதியை 2025-04-12 என்று எழுதினால் அகரவரிசையே கால வரிசையாகிவிடும். 03/04 என்று எழுதியிருப்பதை நாம் ஏப்ரல் 3 என்று படிப்போம். அமெரிக்க அமைப்பிலுள்ள மென்பொருள் மார்ச் 4 என்று படிக்கும். அடைவுகள் மூன்று அடுக்குக்கு மேல் போக வேண்டாம்.

ஆறாம் படி: பணிப் பட்டியல்களைப் பொருத்துதல்

கோப்புகளை நகர்த்துவதும் பணிகளை நகர்த்துவதும் வேறுவேறு. எக்செல் தாளில் 'மண்டபம் – குமார் அண்ணன் பார்த்துக்கொள்கிறார் – கிட்டத்தட்ட முடிந்தது' என்று எழுதியிருப்பதை மையத் தளம் புரிந்துகொள்ளாது. பணியின் பெயர், பொறுப்பாளர், முடிக்க வேண்டிய நாள், நிலை என்ற நான்கு பத்திகளாக அதைப் பிரிக்க வேண்டும். நிலைக்கு மூன்று சொற்கள் போதும்: தொடங்கவில்லை, நடக்கிறது, முடிந்தது. 'கிட்டத்தட்ட' என்ற நிலைக்கு இடம் கொடுத்தால் எல்லாப் பணிகளும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடும். பொறுப்பாளர் பத்தியில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். இரண்டு பெயர் இருக்கும் பணிக்கு ஆள் இல்லை என்றே பொருள்.

பெரும்பாலான தளங்கள் சிஎஸ்வி கோப்பை, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பை, ஏற்கும். எக்செலில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள்; சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாகிவிடும். முகவரிகளில் வரும் காற்புள்ளிகள் பத்திகளைப் பிரித்துவிடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அஞ்சல் குறியீடு சுழியத்தில் தொடங்கினால் எக்செல் அதை விழுங்கிவிடும். அந்தப் பத்தியை முன்கூட்டியே எழுத்து வகையாகக் குறித்துவிடுங்கள். டிரெல்லோவிலிருந்து வெளியேறுபவர்கள், ஏற்றுமதிக் கோப்பில் இணைப்புகளின் முகவரிகள் மட்டுமே வரும், இணைத்த கோப்புகள் வரமாட்டா என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றைத் தனியே இறக்கியாக வேண்டும்.

ஏற்றும் வரிசையும் முக்கியம். முதலில் பயனர்கள், பிறகு திட்டங்கள், பிறகு பெரிய பணிகள், அவற்றின்கீழ் வரும் சிறு பணிகள், கடைசியாகக் கோப்புகள். பயனர் இல்லாத தளத்தில் பணியை ஏற்றினால் பொறுப்பாளர் பத்தி வெறுமையாகிவிடும். நூறு பணிகளுக்குக் கையால் பெயர் போட வேண்டிவரும்.

ஏழாம் படி: வெள்ளோட்டம்

முடிந்துபோன நிகழ்ச்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எடுத்துக்காட்டாக, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 16ஆம் தளத்தில் நடத்திய நூல் வெளியீடு ஒன்று இருந்தால், அதன் எல்லா வளங்களையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு, இடமாற்றத்தில் பங்கு பெறாத ஒருவரை அழைத்து, 'அன்றைய மண்டப வாடகைச் சீட்டைக் கண்டுபிடியுங்கள்' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். இரண்டு நிமிடங்களில் அவர் கண்டுபிடிக்கவில்லை என்றால் தவறு அவருடையது அன்று, அடைவு அமைப்பினுடையது. எங்கள் முதல் அமைப்பை இப்படித்தான் கலைத்தோம்: ஆவண வகைவாரியாகப் பிரித்திருந்தோம், எல்லாரும் நிகழ்ச்சிவாரியாகவே தேடினார்கள்.

எட்டாம் படி: மாற்றும் நாள்

வெள்ளிக்கிழமை இரவு பழைய இடங்கள் அனைத்தையும் பார்வைக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். 'தயவுசெய்து யாரும் திருத்த வேண்டாம்' என்ற வேண்டுகோள் போதாது. திருத்த முடியாதபடியே செய்துவிட வேண்டும். அதற்குமுன் முழு நகல் ஒன்றை வெளிவட்டில் எடுத்து, மறையாக்கம் செய்து, செயற்குழு உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

கூகுள் டிரைவிலிருந்து பெரிய அடைவை உலாவி வழியாக இறக்கினால், அது பல ஜிப் கோப்புகளாகப் பிரிந்து வரும். ஓர் அடைவின் கோப்புகள் வெவ்வேறு ஜிப்களில் சிதறியிருக்கும். ஒன்று விடுபட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆர்குளோன் போன்ற கருவி இதற்கு மேலானது. கணினிகளுக்கு இடையே என்றால் விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி கோப்பின் திருத்திய நாளையும் காப்பாற்றும். ஆனால் மறுமுயற்சி எண்ணிக்கையை நீங்களே குறைத்துக் கொடுக்க வேண்டும், ஏனெனில் அதன் இயல்பான அமைப்பு, திறக்க முடியாத ஒரு கோப்புக்காக 30 விநாடிக்கு ஒருமுறை 10 லட்சம் தடவை முயல்வது. ஞாயிற்றுக்கிழமை மாலைவரை அதையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயரை இங்கே எழுதினால் என் பெயரை எழுதியதாகிவிடும்.

கூகுளின் நாள் ஒன்றுக்கான பதிவேற்ற வரம்பு ஒரு பயனருக்கு 750 ஜிபி. சாதாரணச் சங்கம் அதைத் தொடாது. பல ஆண்டுக் காணொளிகள் இருந்தால் தொடும்.

ஒன்பதாம் படி: சரிபார்த்தல்

மூன்று நிலைகளில் சரிபாருங்கள். முதலில் எண்ணிக்கை: பழைய அடைவில் எத்தனை கோப்புகள், புதியதில் எத்தனை. அடுத்து உள்ளடக்கம்: எஸ்எச்ஏ-256 போன்ற சரிபார்ப்புக் குறியை இரு பக்கமும் கணித்து ஒப்பிட்டால் ஒரு பைட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் போன்ற கூகுளின் சொந்த வடிவக் கோப்புகளுக்கு இந்தக் குறி இல்லை. அவற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும். கடைசியாகக் கண்: ஒவ்வொரு நிகழ்ச்சியிலிருந்தும் ஐந்து கோப்புகளைத் திறந்து, தமிழ் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா, ஆவணத்துக்குள் உள்ள இணைப்புகள் இன்னும் பழைய இடத்தையே காட்டுகின்றனவா என்று பாருங்கள். மறந்துபோவது அந்த உள் இணைப்புகளைத்தான். கூட்டக் குறிப்பைச் சொடுக்கினால் பழைய செயலாளரின் டிரைவுக்குப் போய், 'அனுமதி கேளுங்கள்' என்று நிற்கும்.

பத்தாம் படி: அனுமதியும் பழக்கமும்

தனி மனிதர்களுக்கு அனுமதி கொடுக்காமல், செயற்குழு, நிகழ்ச்சிக் குழு, நிதிக் குழு எனக் குழுக்களுக்குக் கொடுங்கள். ஒருவர் விலகினால் குழுவிலிருந்து ஒருமுறை எடுத்தால் போதும். நிர்வாகி உரிமை இரண்டு பேருக்கு இருக்கட்டும். ஒருவருக்கு மட்டும் இருந்தால் பழைய நிலைதான், மூன்று பேருக்கு இருந்தால் யாரும் பொறுப்பில்லை. இருவரின் கணக்குகளுக்கும் ஈரடுக்கு உறுதிப்பாடு கட்டாயம்.

வாட்ஸ்அப் குழுவை மூடச் சொல்லாதீர்கள்; யாரும் மூடமாட்டார்கள். கோப்பை அனுப்பாமல் மையத் தளத்தின் இணைப்பை அனுப்புவது என்ற ஒரே விதியை மட்டும் வலியுறுத்துங்கள். தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பின் இணைப்பில் 'கொ', 'மி' போன்ற ஒவ்வோர் உயிர்மெய் எழுத்தும் 18 குறிகளாக விரிந்து முகவரி நீண்டு கிடக்கும் தளங்கள் உண்டு. அப்படியென்றால் தளம் தரும் குறு இணைப்பைப் பயன்படுத்துங்கள். முதல் சில வாரங்களுக்கு, யாராவது குழுவில் கோப்பை அனுப்பினால் நீங்களே அதைத் தளத்தில் ஏற்றி, 'ஐயா, இங்கே வைத்திருக்கிறேன்' என்று இணைப்புடன் பதிலிடுங்கள். கண்டிக்க வேண்டாம். நான்காவது முறை அவரே செய்வார்.

பழைய இடங்களை மூன்று மாதங்கள் பார்வைக்கு மட்டும் என்ற நிலையில் விட்டுவைத்து, ஒவ்வோர் அடைவின் பெயருக்கு முன்னும் 'இடம் மாறியது' என்று சேர்த்துவிடுங்கள். அந்த மூன்று மாதங்களில் யாரேனும் பழைய இடத்தைத் தேடிப் போனால், எதற்காகப் போனார் என்று கேட்டு, விடுபட்டதைப் பட்டியலில் சேருங்கள். பிறகு அழியுங்கள். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் அழித்தவை 30 நாள்கள் இருக்கும் என்பதால், அடையாள அட்டை எண்கள் இருந்த தாள்களைத் தொட்டியிலிருந்தும் உடனே நீக்கிவிடுங்கள். முன்னாள் பொறுப்பாளர்களின் தம்ப் டிரைவ்களிலும் மடிக்கணினிகளிலும் உள்ள நகல்களை அழித்துவிட்டதாக அவரவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி, முதல் படியில் தொடங்கிய அதே எக்செல் தாளில் அவர்களுடைய பெயருக்கு எதிரே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் இன்னும் இரண்டு வரிசைகள் வெறுமையாக இருக்கின்றன. ஒருவர் பெர்த்தில் இருக்கிறார், மற்றவர் தம்ப் டிரைவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.